கண்ணாடி கழற்றாத ‘பார்க்கலாம்’

அன்பானவருக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். ‘என்னங்க’ என்று கூப்பிட ஆளில்லாமல் என் வாய்தான் துருப்பிடித்துக் கிடக்கிறது.

நேற்று நீங்கள் தங்கியிருக்கும் வீட்டிலிருந்து உங்கள் அக்கா போன் செய்தார். இதய ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கட்டுமா என்று கேட்ட டாக்டரிடம் ‘பார்க்கலாம்’ என்றீர்களாம். எனக்கு வந்த கோபத்தைப் போனில் கொட்டினால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். முதலில் நம் தையல் கம்பெனியில் நடந்த கூத்தைக் கேளுங்கள்.

நர்ஸ் உடுப்புக்கு வந்த நீலத் துணியில் இரண்டாவது கட்டு கொஞ்சம் வெளிறியிருந்தது. வெட்டட்டுமா என்று கட்டிங் மாஸ்டர் கேட்டார். ஏதோ வேலையாக இருந்த நான், உங்களைப் போலவே ‘பார்க்கலாம்’ என்றேன். உங்கள் ‘பார்க்கலாம்’ இவர்களுக்கு அத்துப்படி. தலை தூக்காமல் சொன்னால் வேண்டாம், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னால் சரி. நான் கண்ணாடியே போடுவதில்லை. பாவம், என்ன செய்வார்கள்!

மாஸ்டர் சரி என்று எடுத்துக்கொண்டு கட்டு முழுவதையும் வெட்டிவிட்டார். தையல் லைனைப் பார்த்துக்கொள்ளும் நம் சத்தக்காரி, வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு மெஷின்களைப் பள்ளிக்கூடக் கால்சட்டைக்கு மாற்றிவிட்டாள். மத்தியானம் இருவருக்கும் சண்டை. “அக்கா வெட்டச் சொன்னாங்க” என்று அவர். “வேணாம்னுதானே சொன்னாங்க” என்று இவள். இரண்டு பேரும் என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். உண்மையில் நான் எதுவுமே சொல்லவில்லையே!

தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கலந்து தைத்து அனுப்பிவிடலாம், டியூப் லைட் வெளிச்சத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்றார் மாஸ்டர். எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் ஒரே வார்டில் நர்ஸ்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் நிற வித்தியாசம் பல்லிளித்துவிடும். ஆஸ்பத்திரி மேட்ரனுக்கு நானே போன் செய்து சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில், “லேட்டானாலும் ஒரே கலர்ல குடுங்க, முன்னாடியே சொன்னீங்களே” என்றார். வெளிறிய துணி சமையல்கூட ஏப்ரன் ஆகிறது. கையைக் கடித்ததுதான், ஆனால் ஆர்டர் கையை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து கம்பெனியில் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லுக்குத் தடை. செய், வேண்டாம், இல்லையென்றால் எப்போது சொல்வேன் என்று சொல்ல வேண்டும். தவறினால் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இதுவரை அதிகம் டீ வாங்கிக் கொடுத்தவள் நான்தான். சத்தக்காரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நல்லதும் நடந்தது. நான் கொடுத்த சட்டைக் கை அளவு சரியில்லை என்று மாஸ்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். சுருக்கென்றது. அளந்து பார்த்தேன், மாற்றினேன். உங்களிடம் இதுவரை அவர் அப்படிச் சொன்னதுண்டா?

இப்போது உங்கள் விஷயம். சரி என்றால் பழி நம் தலையில், வேண்டாம் என்றால் நஷ்டம் நம் தலையில் என்ற பயத்தில்தான் அந்தச் சொல் வாயில் வருகிறது. எனக்கு அது நன்றாகப் புரிகிறது. ஆனால் உங்கள் கண்ணாடிப் பாஷை டாக்டருக்குத் தெரியாது. அவர் அந்தத் தேதியை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

உங்களுக்குப் பதிலாக நான் சரி சொல்ல மாட்டேன். நெஞ்சு உங்களுடையது. வேண்டாம் என்றால் சண்டை போடுவேன். சண்டை போடவாவது எனக்கு ஒரு பதில் வேண்டும். கம்பெனியைப் பற்றிக் கவலை வேண்டாம். சாவியை அந்த இருவரிடமும் கொடுத்துவிட்டு சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன்.

பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். எனக்கும் இருக்கிறது, கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே பயப்படுவோம். ஆனால் நான் வந்து சேர்வதற்குள் டாக்டரிடம் போய்த் தேதி வாங்கிவிடுங்கள். இன்னும் நிறைய வருஷம் எனக்கு உங்களோடு சண்டை போட வேண்டும்.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி