மடிப்புக் கலையாத கப்பல் சட்டை

என் அன்பு அப்புச்சிக்கு,

நீங்கள் போய் முப்பது வருசம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உங்களை நினைத்தால் பெருமையாக இருந்தது. இன்றைக்குக் கோபமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மங்கலத்தில் நம் வீட்டுக்கு இன்னமும் கப்பல்காரர் ஊடு என்றுதான் பேர். தறிக்குழியிலிருந்து எழுந்துபோய் உலக யுத்தத்தில் கப்பல் படையில் சேர்ந்து, உயிரோடு திரும்பியவர் என்று உங்களுக்கு அத்தனை மரியாதை. நீங்கள் கொண்டுவந்த நீலக் கம்பளிச் சட்டைக்கு வருசா வருசம் ஆயுத பூஜையில் சந்தனம் வைக்கிறோம். அதன் மடிப்பைப் பிரிக்கக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். நீங்கள் போன பிறகும் உங்கள் மகள், என் அம்மா, அதை மீறவில்லை.

அம்மாவுக்கு எழுபத்தைந்து முடிந்துவிட்டது. உங்கள் படத்துக்குக் கீழே கப்பலின் பேரை எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. சர்க்காருக்கு எழுதிக் கேட்க உங்கள் படை எண் வேண்டியிருந்தது. உங்கள் பெட்டியில் இருந்ததெல்லாம் ஒரு தொப்பி, ஒரு மடக்குக் கத்தி, அந்தச் சட்டை. நான் பனியன் கம்பெனியில் இருபது வருசமாகச் செக்கிங் பார்க்கிறவள். எந்தத் துணி கைக்கு வந்தாலும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டேன். அம்மா தடுப்பதற்குள் திருப்பிவிட்டேன்.

கழுத்துக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பேர் தைத்திருந்தது. உங்கள் பேர் இல்லை. நாச்சிமுத்து என்று இருந்தது. மடிப்புக்குள் வாய் ஒட்டியபடியே ஒரு கவர், கொமரலிங்கத்தில் இருக்கும் ஒரு பெண் பேருக்கு. அதோடு உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு.

"இவன் ஊட்டுக்குத் தெரியாம என் விலாசத்தைக் குடுத்துப் படையில சேர்ந்தவன். கப்பல்ல தீப்புடிச்சுச் செத்துட்டான். சேதி நம்மூட்டுக்குத்தான் வந்துது. நான் போய்ச் சொல்லோணும்."

சொன்னீங்களா அப்புச்சி?

தீபாவளி கழிந்ததும் வருசா வருசம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு உடுமலைக்குப் போவீர்களாம். மாடு பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்வீர்களாம். ஒரு மாடும் வாங்கியதில்லையே என்று அம்மா இப்போதுதான் யோசிக்கிறாள். உடுமலையிலிருந்து கொமரலிங்கத்துக்கு இன்னும் ஒரே ஒரு பஸ் ஏறினால் போதும். அதில் ஏறக் கால் வரவில்லையா?

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஏறினேன். கவரில் இருந்த பேரைச் சொல்லி விசாரித்ததில், அது நாச்சிமுத்துவின் மனைவி, இறந்துவிட்டார் என்று சொல்லி மகளைக் காட்டினார்கள். எண்பது தாண்டிய அம்மாள். அப்பா முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர் பம்பாயில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று ஊரே பேசியிருக்கிறது. அவர் மனைவி சாகிறவரை தாலியைக் கழற்றவில்லை. அவருக்கு யாரும் காரியம் செய்யவில்லை, ஒரு அமாவாசைக்குக்கூட எள்ளுத் தண்ணீர் விடவில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு யார் விடுவார்கள்?

சட்டையையும் கவரையும் அந்த அம்மாளின் மடியில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உடுமலை வரைக்கும் வந்து வந்து நீங்கள் திரும்பிப் போனதையும் மறைக்கவில்லை. அவர் கவரைப் பிரிக்கவில்லை. தைத்திருந்த பேரை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்கம்மா சாகற வரைக்கும் அவரத் திட்டீட்டேதான் இருந்தாங்க கண்ணு. நானுந்தான். செத்தவரப் போயி இத்தன வருசமாத் திட்டியிருக்கறம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் உங்களைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். முதல் வருசம் அவர்கள் அழுகையைப் பார்க்கப் பயந்திருப்பீர்கள். அப்புறம், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்திருப்பீர்கள். எனக்குப் புரியாமல் இல்லை. ஓட்டை இருந்தும் கண் தவறிப் பாஸ் பண்ணிவிட்ட பீஸை மறுநாள் போய்ச் சொல்ல எனக்கும் நாக்கு எழுந்ததில்லை. புரிகிறது, ஆனால் மன்னிக்க முடியவில்லை.

அம்மா இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து, சட்டை வைக்கிற பூஜைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கப்பல் பேரை அப்புறம் கேட்கவே இல்லை.

வருகிற அமாவாசைக்கு அந்த அம்மாளை அமராவதி ஆற்றுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு முதல்முறையாக எள்ளும் தண்ணீரும் விடப்போகிறார். பக்கத்தில் நான் நிற்பேன். உங்கள் பேரையும் சொல்லி ஒரு கை விடட்டுமா என்று அவரிடம் கேட்பேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விட மாட்டேன் அப்புச்சி. இது சத்தியம்.

உங்கள் பெருமை பேசியே வளர்ந்த மகள் வயிற்றுப் பேத்தி,
தங்கமணி