பச்சை மஞ்சள் கம்பி

செங்காங், சிங்கப்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கபிலன்,

‘அன்புள்ள’ என்று எழுதியது பழக்கதோஷம். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு இப்போது மனம் வரவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்ப்பீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

கைப்பேசியில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான்கு கட்டைவிரல் வந்துவிட்டது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இவ்வளவு கட்டைவிரல் எனக்குப் போதும். அதனால்தான் காகிதம். உங்கள் இசைக்குழுவுக்கு மேடை விளக்கு போடும் ஜாஃபர் வியாழக்கிழமை பெர்த்துக்கு வருகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பையையும் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் கடைசி வரி வரைக்கும் படிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ‘ஏன்க்கா என்னை மாட்டி விடுறீங்க’ என்று அவர் புலம்பினார். புலம்பட்டும்.

முதலில் பை. மேலே இருப்பது உங்கள் காதடைப்பான். காது அச்செடுத்துச் செய்ததைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் வைத்துவிட்டு, ஆறு வார ஆஸ்திரேலியப் பயணத்துக்குக் கிளம்பிப் போயிருக்கிறீர்கள். மேடை ஓரத்தில் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நிற்கும் மனிதருக்கு அது மட்டும் மறந்துபோகிறது. பெட்டியில் ஆறு டீ சட்டை மடித்து வைக்க நினைவிருந்தது. நெற்றியில் கட்டும் விளக்கும் இருக்கிறது. வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வேலை செய்யாதீர்கள். துணி டேப் இரண்டு உருளை வைத்திருக்கிறேன். கம்பிகளைத் தரையோடு ஒட்ட அதை மட்டும் பயன்படுத்துங்கள். மலிவு டேப் பசையை விட்டுவிட்டு வரும், பிறகு மண்டபக்காரரிடம் நீங்கள்தான் திட்டு வாங்குவீர்கள்.

அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளக் இருக்கும். அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காத்தோங்கில் அந்தக் கல்யாண வரவேற்பு நினைவிருக்கிறதா? மூன்று வருடம் ஆகிறது. கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பிலிருந்து ‘உர்ர்’ என்று ஓர் இரைச்சல். என்ன செய்தும் போகவில்லை, மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் எக்ஸ்டென்ஷன் போர்டின் பிளக்கைத் திறந்து, பச்சை மஞ்சள் எர்த் கம்பியைக் கழற்றி நறுக்கினீர்கள். இரைச்சல் சட்டென்று நின்றது. அடையாளத்துக்கு ஒரு சிவப்பு டேப் சுற்றி, ‘அப்புறம் சரி பண்ணிக்கலாம் லா’ என்றீர்கள். டார்ச் பிடித்தது நான். ‘கெட்டிக்காரர்தான்’ என்று சிரித்ததும் நான்தான். அதை நினைத்தால் உங்கள் மேல் வருகிற கோபத்தில் பாதி என் மேலேயே திரும்புகிறது. மீதிப் பாதியே உங்களுக்கு ஏராளம்.

அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. சிவப்பு டேப் சாமான் அறைச் சூட்டில் காய்ந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. சனிக்கிழமை சிராங்கூன் ரோடு பக்கம் கூடாரம் போட்டுப் பொங்கல் நிகழ்ச்சி. நல்ல போர்டுகளை எல்லாம் நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டதால், அலமாரியில் கிடந்ததை நான் எடுத்துப் போனேன். மத்தியானம் முழுக்க மழை. மேடைக் கம்பளம் ஓரமெல்லாம் ஈரம். குத்துவிளக்கு ஏற்றியாகிவிட்டது, செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறுங்கள் என்று ஏற்பாட்டாளர் எல்லாரிடமும் சொன்னார். விளக்கு எரியும் மேடையில் ஷூவோடு நிற்க யாருக்குத்தான் மனம் வரும்? ரப்பர் அடி வைத்த ஷூக்கள் படிக்கட்டோரம் வரிசையாக நின்றன.

பாடகி அஃப்னாவின் கிட்டாரை அந்தப் பழைய ஆம்ப்பிலும், ஆம்ப்பை அந்தப் போர்டிலும் செருகியிருந்தோம். ஆம்ப்பில் எங்கோ மின்சாரம் கசிந்திருக்கிறது. எர்த் இருந்திருந்தால் அது தரைக்குப் போயிருக்கும். இல்லாததால் கிட்டார் கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இடது கையில் கிட்டார், வலது கையில் மைக். தொட்டதும் தூக்கி எறிந்தது. நல்லவேளை, டிரிப் சுவிட்ச் தானாக விழுந்து கூடாரம் முழுக்க மின்சாரம் போனது. ஒரு நொடி தாமதித்திருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஞாயிறு காலை இதைத்தான் போனில் சொன்னேன். மேடையில் ஒருத்தருக்கு ஷாக் அடித்துவிட்டது, நீங்கள் நறுக்கின போர்டு என்று. நீங்கள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? ‘ஆம்ப்புக்கு ஒண்ணும் ஆகலயே?’ அடுத்து, ‘அதே மாதிரி இன்னும் ரெண்டு போர்டு பண்ணேன்னு நினைக்கிறேன், இங்க கொண்டு வந்த பெட்டியில இருக்கும்.’ அப்புறம் ஒத்திகைக்கு நேரமாயிற்று என்று வைத்துவிட்டீர்கள். போர்டுகளைத் திறந்து பாருங்கள் என்று நான்கு முறை எழுதி அனுப்பினேன், நான்குக்கும் கட்டைவிரல்தான். வெள்ளிக்கிழமை உங்கள் முதல் நிகழ்ச்சி. உங்கள் பாடகன் ரித்திக் எப்போதும் வெறுங்காலோடு நின்றுதான் பாடுவான், பாதிப் பாட்டில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வான். நினைக்கிறேனாம்! எத்தனை என்று நிச்சயமாகத் தெரியாத ஒரு மனிதர் எப்படி நிம்மதியாக ஒத்திகை பார்க்கிறார்?

அந்த மஞ்சள் பிளக் எர்த் சோதிப்பது. ஜாலான் புசார் கடையில் நேற்று வாங்கினேன். பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு போர்டிலும் செருகிப் பாருங்கள். எர்த் இல்லையென்றால் சிவப்பு எரியும். பிறகு எல்லாப் பிளக்குகளையும் திறந்து மூன்று கம்பியும் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அங்கே சுவரில் மாட்ட எர்த் உள்ள மூன்று பின் அடாப்டர் நான்கு வைத்திருக்கிறேன். இரண்டு பின் அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள், அதுவும் எர்த்தை வெட்டுகிற வேலைதான். இரைச்சல் வந்தால் அதற்கென்று ஒலிக் கம்பிக்கு நடுவில் செருகும் டி.ஐ. பெட்டி இருக்கிறது, அதில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் போதும். கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. ‘யாருக்கு ஷாக் அடித்தது’ என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. நான்கு கட்டைவிரலிலும் அந்தக் கேள்வி இல்லை. நீங்களாகக் கேட்கட்டும் என்று நானும் சொல்லவில்லை, ஜாஃபரையும் சொல்லக்கூடாது என்று அடக்கி வைத்தேன். கிட்டார் முன்னாலேயே வந்துவிட்டது, மழையில் அஃப்னா வர நேரமாகிவிட்டது. அவளுக்குப் பதிலாகக் கிட்டாரைப் பிடித்து மைக்கைச் சோதித்துப் பார்த்தது நான்தான். விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். இதை இடது கையால் எழுதுகிறேன். அதிலும் இரண்டு விரல் நுனி இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. இதய வரைபடம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பயணத்தை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். அந்த இரண்டு போர்டையும் யார் திறப்பார்கள்?

‘வெள்ளிக்கிழமை ரித்திக் தொடுவதற்கு முன்னால் நீங்கள் வெறுங்காலோடு நின்று அந்தக் கிட்டாரையும் மைக்கையும் தொட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்’. மேலே எழுதிவிட்டு அடித்திருக்கிற இரண்டு வரியில் இருந்தது இதுதான். கோபத்தில் எழுதினேன், எழுதி முடித்ததும் அடித்துவிட்டேன். நீங்கள் எதையும் தொடாதீர்கள். முதலில் மஞ்சள் பிளக்கைச் செருகுங்கள். ஷூவைக் கழற்றாதீர்கள். திறந்த பிளக் ஒவ்வொன்றையும் படமெடுத்து அனுப்புங்கள், பச்சை மஞ்சள் கம்பி தன் இடத்தில் இருப்பது எனக்குத் தெரிய வேண்டும். அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

பத்திரமாக வந்து சேருங்கள். எனக்கு ஜடை பின்னிவிட இந்த வீட்டில் இரண்டு கையும் நன்றாக இருக்கிற ஆள் ஒருவர் வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
ரோஷினி