கோரை மூலையில் எண்ணெய்

ஐப்பசி, வியாழக்கிழமை இரவு

ஏரியின் கோரை மூலையில் இன்று நீர்வண்டுகள் செத்து மிதந்தன. என் ஆராய்ச்சியே அவற்றைப் பற்றியதுதான். தண்ணீர்மேல் சோப்பு கரைத்த எண்ணெய் படர்ந்திருந்தது. வண்டுகள் மேலே வந்துதான் மூச்சு வாங்கும். எண்ணெய் மூடினால் திணறிச் சாகும்.

ஊற்றியவன் ஏழுமலை. ஏரியில் மீன் குத்தகை எடுத்தவன், என்னைப் பரிசலில் ஏற்றிச் சுற்றியவன். எந்த மூலையில் பூச்சி ஜாஸ்தி என்று போன வாரம் கேட்டான். ஆசையாகக் கேட்கிறான் என்று நம்பி, கூட்டிப்போய்க் காட்டினேன்.

"இன்னாப்பா இது?" என்றேன்.

"நாளைக்கு இங்க வல கட்டி மீன்குஞ்சு விடப்போறோம் சார். இதுங்க குஞ்ச துன்னுடும். நீங்க காட்டலன்னா எங்க ஊத்துறதுன்னே தெரிஞ்சிருக்காது."

சிரித்துக்கொண்டே ஒரு கெளுத்தியைப் பையில் போட்டுக் கொடுத்தான். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

வீட்டில் மீனை அறுத்த மனைவி, "வயிறு பூரா வண்டுங்க" என்றாள். அவனுடைய பெரிய மீன்கள் இத்தனை நாளும் தின்று வளர்ந்தது இவற்றைத்தான். அது அவனுக்குத் தெரியாது.

நாளை போய்ச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். இனி அவனுக்கு நான் எதையும் காட்டுவதாக இல்லை.