‘பு’ என்று எழுதியிருக்க வேண்டும்

என் ஆசை அண்ணா,

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நீயும் நானும் மாறி மாறிக் காவல் காத்த அந்தப் பழைய யுனிக்ஸ் இயந்திரம் இப்போது நாவற்குடாவில், என் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. களஞ்சிய அறையை ஒதுக்கும்போது கழிவோடு போட வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கி வந்தேன். திரையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. நீ அதை ஒருவனாகவே தூக்கிக்கொண்டு படியேறுவாய். பிறகு இரண்டு நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு திரிவாய், அது வேறு கதை.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்பாய். யாரும் கேட்காமல் இருந்தால் போதும் என்றுதான் இருபது வருடத்துக்கு மேலாக இருந்தேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

இயந்திரத்தின் உள்ளே தகவல்களைச் சேமிக்கும் வட்டை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவ வேண்டும். அதற்கான சீடி உன் தகரப் பெட்டிக்குள் இருந்தது. மச்சாள் அதைத் தேடி எடுத்துக்கொண்டு கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்தார். உன் மனைவிக்குக் கொம்பியூட்டர் என்றால் இன்னும் எரிச்சல்தான். ஆனாலும் “அவர்ர சாமான் எழும்புதா எண்டு பாப்பம்” என்று சனிக்கிழமை பின்னேரம் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உள்ளே இருந்த சின்னப் பற்றறி செத்துப்போயிருந்தது. அதனால் இயந்திரத்துக்குத் தன் முகவரியும் தெரியவில்லை, திகதியும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிக் கொடுத்தேன். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்துகள் ஊரத் தொடங்கின. 

வட்டைப் பங்கு பிரிக்கும் இடம் வந்தது. முதன்முதலில் அதை எனக்குக் காட்டியபோது நீ என்ன சொன்னாய்? “வட்டப் பிரிக்கிறதெண்டா வயல் வட்டைக்க வரம்பு கட்டுற மாதிரித்தான் புள்ள. மொத்தத்த விடக் கூடக் கேட்டியெண்டா அடுத்தவன்ர காணிக்க போயிருவாய்.” எங்கள் ஊரில் வயல்வெளிக்கும் ‘வட்டை’ என்றுதான் பெயர்; நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்ததில் பாடத்தை விட்டுவிட்டேன்.

அன்று நான் சிக்கிப்போன இடம் இதுதான், அண்ணா. இயந்திரம் பழுதாகி, எல்லாவற்றையும் திரும்ப நிறுவ வேண்டியிருந்தது. அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு மாணவர்களுக்கு அதில் பரீட்சை. நீ விடுமுறைக்கு வாவிக்கு அக்கரையில், கொக்கட்டிச்சோலையில் மச்சாள் வீட்டில் நின்றாய். நான் தனியே. கடைசிப் பங்கு கொள்ளாது என்று அது திரும்பத் திரும்பச் சொன்னது. பயந்துபோய் எழும்பிவிட்டேன்.

இந்தச் சனிக்கிழமையும் அதே வரி, அதே இடத்தில் வந்தது. ஓர் எண்ணைக் குறைத்தேன். ஏற்றுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதற்காகவா அண்ணா உன்னைக் கூப்பிட்டேன்?

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும், நீ பொறுத்துக்கொள். போர்க்காலத்தில் கொழும்பு அரசாங்கம் கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. எங்கள் பக்கம் ஆமியின் கட்டுப்பாட்டில் இருந்ததால் புது நேரம். வாவிக்கு அக்கரையில் இயக்கத்தின் கட்டுப்பாடு, அங்கே பழைய நேரம். மண்முனைத் துறையில் அப்போது பாலம் இல்லை. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டைப் படகுதான். அதை நாங்கள் ‘பாதை’ என்போம். அந்தப் பாதை புது நேரத்துக்கு ஓடியது.

அக்கரைக்குத் தொலைபேசி கிடையாது. போகிற வருகிற ஆட்களிடம் துண்டு எழுதிக் கொடுத்துவிடுவோம். நேரம் எழுதினால் பக்கத்தில் ஒரெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். புது நேரமென்றால் ‘பு’, பழைய நேரமென்றால் ‘ப’. நீ கண்டுபிடித்ததுதான் அது.

அன்று நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: “அண்ணா, என்னால் ஏலாது. உடனே வா. கடைசிப் பாதை 4 ப.”

‘பு’ என்று எழுதியிருக்க வேண்டும். கீழே இழுக்க வேண்டிய ஒரு கோட்டை அவசரத்தில் இழுக்காமல் விட்டுவிட்டேன்.

நீ துறைக்கு வந்தபோது பாதை போய்விட்டிருந்தது. மாரிகாலம், வாவி முட்டி நின்றது, நல்ல காற்று. நீ ஒரு தோணியைப் பிடித்தாய். தோணிக்காரர் நீந்திக் கரையேறினார். வாவிக்கரையில் பிறந்தும் உனக்கு நீச்சல் வராது.

உன் சட்டைப்பையில் இருந்தவற்றை ஆஸ்பத்திரியில் என்னிடம் தந்தார்கள். அடையாள அட்டையோடு சேர்த்து என் துண்டையும் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தாய். எழுத்துக் கலங்கவேயில்லை. அங்கேதான், ஆஸ்பத்திரி மர வாங்கில் உட்கார்ந்துதான், நான் அந்த ‘ப’வைப் பார்த்தேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். ஒருவருக்கும் காட்டவில்லை.

உன் செத்த வீட்டில் எல்லோரும் ஒரே கதைதான் சொன்னார்கள். “அவன் எப்பயும் பிந்தித்தானே வாறவன். பாதையையும் விட்டுட்டான்.” நீ பிந்துகிறவன்தான், மறுக்கவில்லை. அதனால்தான் என் பிழை உன் பெயரில் அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது. நான் வாயே திறக்கவில்லை. அன்று சொல்லாததை அடுத்த நாள் எப்படிச் சொல்வது? ஒரு வருடம் கழித்து எப்படிச் சொல்வது?

சனிக்கிழமைக்கு வருகிறேன். நிறுவி முடிந்து, திரையின் மூலையில் மணிக்கூடு வந்தது. மச்சாள் அதைப் பார்த்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“என்ன கா இது, அரை மணித்தியாலம் கூடக் காட்டுது? இது இன்னும் புது நேரத்திலயா நிக்கிது?”

அதேதான். நான் இயந்திரத்துக்கு உலகப் பொது நேரத்தைத்தான் கொடுத்திருந்தேன். அதை இலங்கை நேரமாக மாற்றுவது அதன் வேலை. சீடி அந்த வருடங்களில் வெளிவந்தது. அதற்குத் தெரிந்த இலங்கை நேரம் புது நேரம்தான். பிறகு நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே திரும்பிய சங்கதி அதற்குப் போய்ச் சேரவில்லை.

இதைத்தான் மச்சாளுக்குச் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

“மச்சாள், அண்ணன் அண்டைக்குப் பிந்தல்ல.”

“என்ன சொல்றாய்?”

அலுமாரியைத் திறந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

“நாலு ‘ப’ எண்டுதானே கிடக்கு?”

“ஓம். நான் நினைச்சது ‘பு’. பிழை என்ர. அண்ணன் பழைய நேரம் நாலு மணிக்குத்தான் கணக்குப் பாத்து வந்தவர்.”

அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“எத்தின வருசமா அந்த மனுசன நான் ஏசிக்கொண்டிருக்கன் தெரியுமா? படத்துக்கு வெளக்கு வைக்கக்குள்ளயும் ஏசித்தான் வைக்கிறன். ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருந்தா என்ன எண்டு. நீ பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டுதானே கா இருந்தாய்?”

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், அண்ணா. ஒவ்வொரு திவசத்துக்கும் பக்கத்தில் நின்று கேட்டேன். உன் உயிர் போனதற்கு என் கை காரணம். அதற்குப் பிறகும் உன்னை உன் வீட்டிலேயே ஏச்சு வாங்க வைத்தது என் வாய்.

அவர் துண்டைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். “துறைக்கு எத்தின மணிக்கு வந்தவராம்?”

துறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர் செத்த வீட்டில் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். “பழைய நேரம் நாலுக்குப் பத்து நிமிசம் இருக்கக்குள்ள.”

“பத்து நிமிசம் முந்தியா?”

“ஓம்.”

“தாலி கட்டவே ஒரு மணித்தியாலம் பிந்தி வந்த மனுசன் கா. ஐயர் எழும்பிப் போகப் பாத்தவர்.” அவர் துண்டை மேசையில் விரித்து வைத்தார். “நீ கூப்பிட்டதுக்கு முந்தி வந்திருக்கார்.”

செத்த வீட்டில் உன் மேலிருந்த கோபத்தில் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாதவர், அன்று என் மேசையில் தலையை வைத்து அழுதார். தொடவும் எனக்குத் துணிவு வரவில்லை. போகும்போது வாசலில் நின்று, “புள்ளைக்கு நான் சொல்லமாட்டன். நீதான் வந்து சொல்லணும்” என்றார்.

உன் மகளைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. நீ போகும்போது ஐந்து மாதக் குழந்தை. இப்போது செங்கலடியில் படிப்பிக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கேற் திறக்க முதலே போய் வெளியில் நிற்பாளாம், மழையென்றாலும். ஏன் இவ்வளவு வெள்ளென என்று ஒருமுறை கேட்டேன். “அப்பா பிந்தித்தானே மாமி செத்தவர்” என்றாள். அப்போதும் நான் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன், வேறொன்றும் சொல்லவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் தாயோடு வீட்டில் நிற்பாள்; பாலத்தால் அக்கரைக்குப் போகிறேன். அவளை முன்னால் உட்காரவைத்து, துண்டை அவள் கையில் கொடுத்து, என் வாயாலேயே சொல்வேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பேன். உன்னைப் பிந்தினவன் என்று சொன்ன எல்லோரும் வாசிக்கட்டும். அவள் என்னை மாமி என்று இனிமேல் கூப்பிடுவாளா தெரியாது. கூப்பிடாவிட்டாலும் போவேன், அண்ணா. உன் பிள்ளை இனி மழையில் நிற்கக் கூடாது.

உன்னை வரச் சொன்ன தங்கச்சி,
சுகந்தி
நாவற்குடா