கோபுரத்து உச்சிக் கதவு

மார்ச் 4

அன்புள்ள பேத்திக்கு,

அன்றைக்குக் கலங்கரை விளக்கக் கோபுரத்து உச்சியில் இருந்தவர்கள்: நான், அங்கே காவல் வேலை பார்த்த உன் தாத்தா, அரைக்கால் சட்டையில் உன் அப்பா, கப்பல் பார்க்க வந்த ஒரு புதுமணத் தம்பதி. அப்புறம் அந்த லிஃப்ட்காரன். என் கூடப்பிறந்தவன்தான். ஆனாலும் அண்ணன் என்று எழுத எனக்குக் கை வராது.

காற்றடித்தால் வெளித்தளத்துக் கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டும். சிகரெட் பிடிக்கப் போன அவன், போடாமல் உள்ளே வந்தான். கதவு அடித்ததில் என் வலது கை விரல்கள் நசுங்கின. பிறகு கத்தரிக்கோல் பிடிக்கவே இல்லை. ஊருக்கே ரவிக்கை தைத்தவள், பட்டன் தைக்க ஆள் தேடினேன்.

ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், போய்ப் பார் என்கிறாய். இருப்பது தூரதேசம், வாய் மட்டும் இங்கே வரை நீள்கிறது. மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

இடது கையால் எழுதும்
பாட்டி

மார்ச் 19

என் பாட்டிக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு சொன்னார்: தாழ்ப்பாள் போடாமல் வந்தது தாத்தாவாம். லிஃப்ட் தாத்தா அவர் சட்டையைப் பிடித்து, "உன் வேலை போனா வேலைக்காகக் குடுத்த வீடும் போயிடும், மாப்பிள்ளை. என் தங்கச்சி தெருவுலயா நிப்பா? நான்னு சொல்லிக்கறேன், வாயைத் திறக்காதே" என்றாராம். அப்பாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். லிஃப்ட் தாத்தாவின் வேலை போனது அப்படித்தான்.

சொன்னது தப்பென்றால் என்னைத் திட்டு. ஆனால் போய்ப் பார், பாட்டி.

உன் வாயாடி

ஏப்ரல் 2

கண்ணு,

போனேன். ஜன்னலில் கோபுரம் தெரிகிற கட்டில். என்னைப் பார்த்ததும், "மேலயா, கீழயா?" என்றார், லிஃப்டில் கேட்கிற மாதிரியே.

"மேல போற அவசரம் உனக்குத்தானே" என்றேன். சிரித்தார், இருமினார். முதுகைத் தடவிவிட்டேன். என் விரல்களைப் பிடித்து, "இன்னும் வலிக்குதா?" என்றார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவனோட வாழ்ந்திருப்பியா நீ?"

உன் தாத்தாவைப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பூனைக்குக்கூட வழிவிட்டு நடந்த மனுஷன், பயந்துவிட்டார். உன் அப்பா சின்னப் பிள்ளை. ஆனால் இந்த லிஃப்ட்காரர், வீடு வேண்டுமா, கூடப்பிறந்தவன் வேண்டுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? நான் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனபோதெல்லாம் பார்த்துக்கொண்டுதானே நின்றார்! நாளைக்கு வந்து நன்றாகக் கேட்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

மறுநாள் போனால், அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரையும் மன்னித்தாயிற்று. ஒருத்தரைத் தவிர.

உன் பாட்டி

யாரை என்று கேட்பாய். என் அண்ணனை.