பிரட்டாத வள்ளம்

ஆகஸ்ட் 11, திங்கள்

விடியவே வெக்கை. காற்று மருந்துக்கும் இல்லை. மகள் கீர்த்தனாவுக்குப் பாய்வள்ளம் ஓட்டுகிற பழக்கம் இன்று தொடக்கம். துறைமுகத்தின் உள்பக்கம், சின்ன இறங்குதுறை. எட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு வள்ளம், குளிக்கிற தொட்டி அளவில். பழக்குகிறவர் இல்ஹாம் மாஸ்டர், மூதூர்ப் பொடியன், என் தம்பி வயதுதான் இருக்கும். காற்றில்லாததால் கரையில் இருந்து முடிச்சுப் போட்டார்கள். கீ. முதலாவதாக முடித்தாள். தகப்பனின் மகள்.

இவர் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போய் ஒரு கிழமைக்கு மேல்.

வாங்க: தேங்காய், சவர்க்காரம், கீ.க்கு வெயில் தொப்பி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கச்சான் காற்று. காலையிலேயே மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. கீ. தனியே ஒரு சுற்றுப் போய் வந்தாள்! பாயைத் திருப்பத் தெரியாமல் இறங்குதுறையில் முட்டினாள். "அம்மா, கண்டனீங்களா? கண்டனீங்களா?" கண்டேன். சனிக்கிழமை எல்லோரும் தனித்தனியே தூரத்து மிதவையைச் சுற்றி வர வேண்டுமாம். சாப்பாட்டிலும் அதே கதை.

படகு முதலாளி வீட்டு ரேடியோவில் இவர் கதைத்தாராம். வெள்ளி அல்லது சனி வருவார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் வெயில், மதியம் ஊற்றித் தள்ளிய மழை, பிறகும் வெயில். உடுப்புக் காயப்போட்டு எடுத்தே கை ஓய்ந்தது.

இன்று வள்ளத்தைப் பிரட்டுகிற பழக்கம். வேண்டுமென்றே கவிழ்த்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று திரும்ப நிமிர்த்த வேண்டும். காற்றுக்குத் தானாகப் பிரண்டால் பயப்படாமல் இருக்கத்தான். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். கீ. மட்டும் மாட்டாள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். மாஸ்டர் கெஞ்சினார். நான் கரையில் நின்று கத்தினேன். ஏலாது என்றால் ஏலாது.

பக்கத்துக் கதிரையில் அவளுடைய கூட்டாளி ரிஸ்னாவின் உம்மா: "மீன் குஞ்சுக்கு நீந்தப் பழக்க வேணுமோ எண்டு நினைச்சன் ரீச்சர். புள்ளைக்குத் தண்ணிப் பயமா?" சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிச்சல்.

பிரட்டாதவருக்குச் சனிக்கிழமை மிதவை இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மீண்டும் கச்சான். மீண்டும் மாட்டாள். ஓட்டோவில் வரும்போது வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்றும் சொன்னேன். நான் பாலர் பாடசாலை ரீச்சராம், ஊர்ப் பிள்ளைகளிடம் தேனே பாலே என்கிறவளாம். சொந்தப் பிள்ளைக்கு இந்த வாய். அவள் அழவில்லை.

பின்னேரம் குசினியில் நான் கழுவ, அவள் துடைத்துத் தந்தாள். சோற்றுப் பானையை எப்போதும் போலச் சுவரோடு சரித்து வைத்தேன். மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா கடல்ல நிக்கேக்க நீங்கள் பானையையே கவிழ்க்க மாட்டீங்கள். என்னை மட்டும் வள்ளத்தைப் பிரட்டச் சொல்றீங்கள்."

கை நின்றுவிட்டது. கலியாணம் கட்டி வந்த நாள் தொட்டு அப்படித்தான். மனிசன் கடலில் நிற்கும்போது இந்த வீட்டில் எதையும் குப்புற வைப்பதில்லை, படகும் கவிழ்ந்துவிடும் என்று. அவளுக்கு ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. பார்த்திருக்கிறாள், கள்ளி.

"அதெல்லாம் சும்மா, இந்தா பார்" என்று அவள் முன்னால் கவிழ்த்துக் காட்டப் பானையைத் தூக்கினேன். ஏலவில்லை. தூக்கியபடியே நின்றேன். அவள் வந்து வாங்கிப் பழையபடி சரித்து வைத்தாள். "பரவாயில்லை அம்மா."

என் குஞ்சு. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம் இருவரும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வானம் மப்பு. காற்று நிமிடத்துக்கொரு பக்கம். இவரிடமிருந்து செய்தி இல்லை. முதலாளிக்குப் போன் எடுத்தேன். "ரேடியோ இழுக்குதில்லை தங்கச்சி, வெளிக்கடல்ல காத்துக் கூடிப்போச்சு. யோசிக்காதைங்கோ." யோசிக்காமல்?

மாஸ்டரிடம் பானைக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்கட வாப்பாவும் கடலுக்குப் போனவர்தான் ரீச்சர், எனக்கு விளங்குது. ஆனா பிரட்டிப் பழகாத புள்ளைய அவ்வளவு தூரம் தனிய விட ஏலாது." மற்றவர்கள் மிதவைக்குப் போக, கீ. கரையோரம் வள்ளம் ஓட்டலாமாம். தலையாட்டினாள். முகம் சுண்டிப்போனது.

ஆகஸ்ட் 16, சனி

விடிய தூறல், பிறகு பளிச்சென்று வெயில், அளவான காற்று. ஏழு பாய்கள் மிதவைப் பக்கம். கீ.யின் வள்ளம் மட்டும் கட்டிப்போட்ட மாடு மாதிரிக் கரையோரம் சுற்றிச் சுற்றி. பார்க்க மனமில்லை. பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணீர் ஊற்றினேன்.

"ரீச்சர்! புள்ள!" ரிஸ்னாவின் உம்மா. நிமிர்ந்தால் கீ.யின் பாய் தண்ணீரில் படுத்துக் கிடக்கிறது. தேத்தண்ணீர் என் மடியில். ஓடினேன். செருப்பு எங்கே போனதோ. மாஸ்டர் என்ஜின் வள்ளத்தைத் திருப்பிவிட்டார்.

தலை மேலே வந்தது. சிரிக்கிறது! பலகையில் ஏறி, பின்னால் சாய்ந்து, பாயை நிமிர்த்திவிட்டாள். துறைமுக வாயிலைக் கைநீட்டிக் காட்டினாள். நீலப் படகொன்று உள்ளே வந்து, மீன் இறக்கும் சீனன்குடாப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. இவருடைய படகு.

"அப்பா வந்திட்டார்!" என்று கத்திவிட்டுத் திரும்பவும் பிரட்டினாள். திரும்பவும் நிமிர்த்தினாள். "போதும் புள்ள, மிதவைக்குப் போ!" என்று மாஸ்டர். போனாள். நான் வெறுங்காலோடு தண்ணீரில் நின்று அழுதேன்.

பின்னேரம் இவர் வீட்டில், கறுத்து, தாடியோடு, கிடைத்த தட்டில் சாப்பிடுகிறார். குசினியில் பானை, சட்டி, வாளி எல்லாம் குப்புற. கீ.யின் வேலை.

"அப்பா, திரும்ப எப்ப போறீங்கள்?"

"வாற வெள்ளி, குஞ்சு."

"அப்ப வியாழன் வரைக்கும் பிரட்டலாம்."