என்னைத் தெரிந்த இரண்டு பேர்

சனி, ஜூன் 14

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஈர சாக்ஸோடு கம்மனஹள்ளிக்கு நடந்தே போனேன். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நான்காவது மாதம்.

கோச் பவ்யா மேடம் இன்றும் திருத்தினார். நான் 'கன்' என்றேன். "கன் இல்ல சார், பிஸ்டல். தோள்ல வெச்சு சுடறது ரைஃபிள். இது ஒரே கை. அப்புறம் புல்லட் புல்லட்னு சொல்லாதீங்க, பெல்லட். பேரு சரியா வந்தா கையும் சரியா வரும்."

மறந்துபோகும், எழுதி வைக்கிறேன்:

பெல்லட் – ஈயம். இடுப்பு சிறுத்தது. நாலரை மி.மீ. காற்றழுத்தத்தில் போவது, வெடிமருந்து கிடையாது.

முன் சைட், பின் சைட் – குறி பார்க்க, குழாயின் இரு முனையிலும் இருப்பவை. பார்க்க வேண்டியது முன் சைட்டை. கார்டு, அதாவது சுட வேண்டிய குறி அட்டை, மங்கலாகத்தான் தெரிய வேண்டும். (இதுதான் வரவில்லை. கண் கார்டுக்கே ஓடுகிறது.)

டிரிகர் – வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மெதுவாக அழுத்தணும். ஐநூறு கிராமுக்குக் குறைந்து அழுந்தக் கூடாது, எடை தொங்கவிட்டுப் பார்ப்பார்களாம். அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் லேபில் இருபது வருஷமாக கேஜ்களை வைத்து நான் செய்கிற வேலையேதான்.

டிரை ஃபயர் – பெல்லட் போடாமல் சுட்டுப் பழகுவது.

ஆரஞ்சுக் கயிறு – சுடாத நேரம் குழாய்க்குள் விட்டுவைப்பது. உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய.

ஜூலை 20 கிளப் மேட்ச். பத்து மீட்டர், நாற்பது ஷாட். மெம்பர்கள் மட்டும். மெம்பர் ஃபார்ம் வாங்கி வந்தேன்.

ஞாயிறு, ஜூன் 15

மழை இல்லை. மூன்று சட்டை அயர்ன். மதியம் ஃபார்ம்.

பெயர் கருணாகரன். வயது 49. சொந்த ஊர் ஆரணி. திருமணம்: இல்லை. பதினோராவது கேள்வியில் நின்றுவிட்டேன். உங்கள் பகுதியில் மூன்று வருஷத்துக்கு மேல் உங்களைத் தெரிந்த இரண்டு பேர். சொந்தக்காரர் கூடாது, கூட வேலை பார்ப்பவர் கூடாது. பெயர், போன் நம்பர், கையெழுத்து.

ஜீவனஹள்ளிக்கு வந்து ஆறு வருஷம்.

மெடிக்கல் ஷாப் மஞ்சுநாத். சலூன் சலீம் பாய். கீழ்வீட்டு ரெஜினா அக்கா. எதிர்வீட்டு நாய் (தெரியும். கையெழுத்து வராது).

அவ்வளவுதான். டீ ஆறிவிட்டது, அப்படியே குடித்தேன்.

திங்கள், ஜூன் 16

வேலை முடிந்து மெடிக்கல். பிரஷர் மாத்திரை வாங்கினேன். மஞ்சுநாத் நல்ல மனிதர், நான் உள்ளே நுழைந்ததுமே அட்டையை எடுத்துவிடுவார். விஷயத்தைச் சொன்னேன். "மாடோணா சார், போட்டுடலாம், அதுக்கென்ன," என்று பேனா எடுத்தார். அப்புறம், "நிம்ம ஹெசரு? உங்க பேரு?"

ஆறு வருஷமாக மாத்திரையின் பேர் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. என் பேர் தெரியாதவரிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது. அப்புறம் வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

சலூனில் சலீம் பாய் உடனே சரி என்றார். "ஷூட்டிங்கா? சினிமாவா சார்?" இல்லை, துப்பாக்கி என்றேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நீங்களா? தலையை இந்தப் பக்கம் திருப்புங்கன்னா கூட ஸாரி சொல்ற ஆளு நீங்க." சிரித்துக்கொண்டே கையெழுத்து. ஒன்று ஆச்சு.

புதன், ஜூன் 18

கரண்ட் இல்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

ரெஜினா அக்கா ரிட்டயர்ட் நர்ஸ். ஒரே மகள், கல்யாணமாகி அத்திபெலேயில். நாங்கள் இதுவரை பேசியது: தண்ணீர் வந்ததா, கேட்டைச் சாத்தினீர்களா.

கதவைப் பாதிதான் திறந்தார். ஃபார்மை ஒரு வரி விடாமல் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை.

"துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டு வருவீங்களா?"

"இல்லக்கா. அங்கேயே இருக்கும்."

"எதுக்கு சார் இது?"

"பொழுதுபோக்குக்கா. விளையாட்டுதான்."

"மூணு நாள் குடுங்க. யோசிக்கணும்."

சனி, ஜூன் 21

காலை கதவிடுக்கில் ஃபார்ம் செருகியிருந்தது. கையெழுத்துப் போட்டிருக்கிறார். கதவைத் தட்டவில்லை.

ஃபார்மை ஆபீஸில் கொடுத்தேன். பயிற்சி: பத்து ஷாட்டில் நூற்றுக்கு 84. இதுவரை இதுதான் அதிகம். யாரிடமாவது சொல்லலாம் என்று போனை எடுத்தேன். ஆரணியில் தம்பி கடையில் பிஸியாக இருப்பான். வைத்துவிட்டேன்.

வெள்ளி, ஜூன் 27

கிளப் செக்ரட்டரி வரச் சொல்லியிருந்தார். பல் டாக்டர், அறுபது வயதிருக்கும், தமிழ் நன்றாக வருகிறது. கன்னடத்தில் ஒரு தடவை கூத்கொள்ளி, தமிழில் ஒரு தடவை உட்காருங்க என்றார். அந்த மரியாதையிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

இரண்டு பேருக்கும் போன் பண்ணினாராம். சலீம் பாய் தங்கமான மனிதர் என்றாராம். ரெஜினா அக்கா சொன்னதை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். படித்துக் காட்டினார்.

"ஆறு வருஷத்துல அவரைப் பார்க்க ஒருத்தரும் வந்ததில்ல. ஞாயித்துக்கிழமை மேல சத்தமே இருக்காது. ஆள் இருக்காரா இல்லையான்னு தண்ணி திறக்கிறதை வெச்சுத்தான் தெரியும். கெட்டவர் இல்ல. ஆனா அவர் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

தாளை மடித்து வைத்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். எங்க பொறுப்பு இது. ஒருத்தர் கையில ஆயுதம் குடுக்கறோம். உங்க மனசு எப்படி இருக்கு?"

இந்தக் கேள்வியை யாராவது கடைசியாக எப்போது கேட்டார்கள் என்று யோசித்ததில் பதில் தாமதமாகிவிட்டது. அதையும் அவர் கவனித்தார்.

சொன்னேன்: "தனியாத்தான் இருக்கேன் டாக்டர். சாகணும்னு இங்க வரல. சனிக்கிழமை நான் வரலன்னா பவ்யா மேடம் போன் பண்ணி ஏன் வரலன்னு கேப்பாங்க. வேற யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் வர்றேன்."

சொன்னதும் வெட்கமாகிவிட்டது. கமிட்டியில் பேசிச் சொல்கிறேன் என்றார். அதுவரை ரேஞ்சுக்கு வர வேண்டாம்.

சனி, ஜூன் 28

போகவில்லை.

பவ்யா மேடம் போன் பண்ணவில்லை. செக்ரட்டரி சொல்லியிருப்பார்.

கேட்டில் ரெ. அக்கா. "நல்லா இருக்கீங்களா?" படியேறிவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் ஆத்திரம். தண்ணீரைக்கூட மெதுவாகத் திறந்தேன்.

திங்கள், ஜூன் 30

லீவு போட்டேன். காரணம் எதுவும் இல்லை. பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். கூரியர் என்று நினைத்தேன். ரெ. அக்கா, மூச்சு வாங்க. முட்டி வலி அவருக்கு, படி ஏறவே மாட்டார்.

"வேலைக்குப் போகலையா? ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். டாக்டர்கிட்ட என்னக்கா அப்படிச் சொன்னீங்க?"

கேட்காமலே உள்ளே வந்து இருக்கிற ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

"முப்பது வருஷம் வார்டுல இருந்தவ நான். ரொம்ப நல்லவரு, யார் வம்புக்கும் போக மாட்டாருன்னு சொல்லித்தான் கொண்டுவந்து போடுவாங்க. பூச்சி மருந்து குடிச்சவங்களை. பக்கத்து வீட்டுக்காரங்க வாசல்ல நின்னு அழுவாங்க, ஒண்ணுமே தெரியலையே சிஸ்டர்னு. அந்த டாக்டர் போன்ல கேட்டப்ப எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. நான் உங்களைப் பத்திப் புகார் சொல்லல. எனக்குத் தெரியலைன்னு சொன்னேன். ஆறு வருஷமா தெரிஞ்சுக்காதது என் தப்புதானே?"

தண்ணீர் கொடுத்தேன். சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு வட்டத்தைக் காட்டி அது என்ன என்றார். டிரை ஃபயருக்குக் கண் பழக, வெறுங்கையை நீட்டி நிற்பேன் என்றேன். நின்று காட்டச் சொன்னார். காட்டினேன். லேசாகச் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை சத்தமில்லாம இதுதானா?"

போகும்போது: "அந்த எடத்தை நான் பார்க்கணும். கையெழுத்து போட்டது நான்."

சனி, ஜூலை 5

வெயில். ரெ. அக்காவோடு ஆட்டோவில் கம்மனஹள்ளி. சர்ச்சுக்குப் போகிற சேலை. செக்ரட்டரிக்கு அவரே போன் பண்ணி அனுமதி வாங்கிவிட்டார்.

பவ்யா மேடம் எல்லாம் காட்டினார். லோட் என்றால் மட்டும் பெல்லட் போடணும், ஸ்டாப் என்றால் அழுத்த இருந்த விரலையும் எடுத்துவிடணும், குழாய் எப்போதும் கார்டு பக்கம். ரெ. அக்கா ஆபரேஷன் தியேட்டரில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அப்புறம் ஐந்து ஷாட் சுட்டும் பார்த்தார். நாலு கார்டில், ஒன்று சுவரில். "ஊசி போடறது சுலபம்," என்றார்.

செக்ரட்டரியிடம் தனியாகப் பத்து நிமிஷம். என்ன பேசினார் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. வெளியே வந்த டாக்டர் என் தோளைத் தட்டினார். மெம்பர். ஒரு வருஷத்துக்கு கிளப் பிஸ்டல் மட்டும், கோச் இருக்கும்போது மட்டும். சரி என்றேன். எதற்கும் சரி என்றிருப்பேன்.

வெள்ளி, ஜூலை 18

ரெ. அக்கா அத்திபெலே போகிறார். பேத்திக்கு சர்ச்சில் புதுநன்மைச் சடங்கு, அடுத்த வாரம்தான் வருவார். "மேட்ச் அன்னிக்கு நான் இல்லையே," என்றார். பரவாயில்லை அக்கா என்றேன். பரவாயில்லைதான்.

சாயங்காலம் மழை. கீழே விளக்கு இல்லை. இத்தனை நாள் கீழே விளக்கு எரிந்ததைக் கவனித்ததே இல்லை.

ஞாயிறு, ஜூலை 20

மேட்ச். பதினாலு பேர். பாதிப் பேர் குடும்பத்தோடு. டிபன் பாக்ஸ், போட்டோ, கைதட்டல். என் லேன் ஏழு. பின்னால் நாற்காலி காலி.

331/400. ஒன்பதாவது. பவ்யா மேடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேறு யாருக்கோ ஓடினார்.

பதினேழாவது ஷாட் மட்டும் மோசம். கை நிலையாக இருந்தது, முன் சைட் தெளிவு, விரல் அழுத்திக்கொண்டிருந்தது. பின்னால் யாருடைய போனோ அடித்தது. என் போனின் அதே மணி. எனக்குத்தான் என்று ஒரு விநாடி நினைத்துவிட்டேன். என் போன் ஆஃப் செய்து பையில் இருந்தது. ஷாட் போய்விட்டது. நாலு பாயின்ட்தான்.

பத்து ஷாட்டுக்கு ஒரு கார்டு. பதினேழாவது இருக்கிற இரண்டாவது கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு மணிக்கு வீடு. கீழே பூட்டு. மேலே போகாமல் அப்படியே திரும்பி சலூனுக்கு.

"முடி வெட்டிப் பத்து நாள்தானே சார் ஆச்சு?"

"ஷேவ் பாய்."

நுரை போட்டதும் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன், இன்னிக்கு மேட்ச் இருந்தது, முன்னூத்தி முப்பத்தொண்ணு. பையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தேன். சலீம் பாய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். காத்திருந்தவர்களிடம் உருதுவில் ஏதோ சொன்னார். கார்டு பெஞ்சு முழுக்கக் கைமாறியது. ஒருவர் ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் எழுந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார். ஓரமாக, தனியாக இருந்த ஓட்டையைக் காட்டினார்.

"எல்லாம் நடுவுலதான் இருக்கு. இது மட்டும் ஏன் சார் இங்க போச்சு?"

கத்தி தொண்டையில் இருந்தது. பேச முடியவில்லை. இருங்கள், சொல்கிறேன் என்று கையை மட்டும் காட்டினேன். அவர் உட்காரப் போகவில்லை, கார்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.